கம்பியில்லாத் துறப்பணம்



தச்சர் கையில் இருந்த துறப்பணத்தை உங்களில் வயது முதிர்ந்தோர் கண்டிருப்பீர்கள். ஒரு முழ அளவில் ஒரு கட்டை. அதன் நுனியில் ஓர் இரும்புக் கூர். கட்டையின் நடுவே இரண்டு சுற்றாகச் சுற்றிய கயிறு. அக்கயிற்றை வில்லிற் பூட்டி முன்னும் பின்னும் இழுத்தால் கட்டை சுழலும். கூர் மரத்தில் இறங்கும். நான் பிறந்த ஊரில் எங்கள் தெருக்கோடியில் ஆசாரியார் ஒருவரின் பட்டறை இருந்தது. பள்ளி விட்டதும் அங்கே நின்று வேடிக்கை பார்ப்பது எங்களுக்கு வழக்கம். சில வேளைகளில் வில்லை இழுக்கும் வேலையை எங்களிடமே கொடுப்பார். மரத்தில் கணு உள்ள இடத்தைக் கூர் தொட்டால் கயிறு வழுக்கும், கட்டை நின்றுவிடும். "கணு இருக்குடா தம்பி, மெல்ல இழு" என்பார். அவர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். இழுக்கும் என் கை தயங்குவதைக் கொண்டே மரத்தினுள் இருப்பதை அவர் அறிந்துகொள்வார்.

இன்று அந்த வேலையைச் செய்வதற்கு ஒரு கைத்துப்பாக்கியைப் போன்ற கருவி வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கடைக்காரர்கள் அதனை 'டிரில் மிஷின்' என்கிறார்கள். அதிலும் அண்மைக் காலத்தில் பலரும் விரும்பி வாங்குவது மின்கம்பி இல்லாத வகை. அடியில் ஒரு பேட்டரி. அதனைச் சார்ஜரில் வைத்து மின்னேற்றிக்கொண்டால் போதும். மொட்டை மாடியில் கொடி கட்டவும், சன்னலுக்குத் திரைக்கம்பி பொருத்தவும், சுவரில் படம் மாட்டவும் எலெக்ட்ரீசியனை நாலு நாள் எதிர்பார்த்துக் காத்திருந்த காலம் போயிற்று. எனக்கும் என் மகன் ஒரு தீபாவளிக்கு இதனை வாங்கி வந்தான். புடவை எடுத்து வந்திருந்தால் மகிழ்ந்திருப்பேன் என்று என் மனைவி சொன்னது வேறு செய்தி.

இக்கருவியின் வரலாற்றைச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். மின்சாரத்தால் இயங்கும் துறப்பணத்திற்கு 1889ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்பேர்ன் நகரில் ஆர்னாட், பிரெய்ன் என்னும் இருவர் காப்புரிமை பெற்றனர். அது பாறையையும் நிலக்கரியையும் துளைக்கும் பெரிய பொறி. 1895இல் ஜெர்மனியில் ஃபைன் சகோதரர்கள் கையில் எடுத்துச் செல்லத்தக்க ஒன்றைச் செய்தனர். பிடியும் விரல்விசையும் உள்ள துப்பாக்கி வடிவத்தை முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் நிறுவனத்தார் கொணர்ந்தார்கள். அவர்களே 1961இல் பேட்டரியால் இயங்கும் துறப்பணத்தையும் வெளியிட்டார்கள். நிலவுக்குச் செல்வதற்காகவே இது கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியன்று, கருவி முந்தியது, நிலவுப் பயணம் பிந்தியது. ஆனால் 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் பேட்டரித் துறப்பணம் ஒன்றை நிலவுக்குக் கொண்டு சென்றது உண்மை. அங்கே அது எண்ணிய ஆழத்தை எட்டவில்லை. மண்மாதிரிக்காக இறக்கிய குழாய் சிக்கிக்கொள்ள, வீரர் இருவரும் சேர்ந்து பெரும்பாடுபட்டு அதனை வெளியே இழுத்தனர். தரையில் நாம் படும் தொல்லையை அவர்கள் நிலவிலும் பட்டார்கள்.

இனி நம் வீட்டுச் சுவருக்கு வருவோம்.

மின்கம்பி உள்ள பழைய வகைத் துறப்பணத்தைக் கையில் எடுக்கும்போது நமக்கு இயல்பாகவே ஓர் அச்சம் உண்டு. அதன் வால் சுவரில் இருக்கிறது. மின்சாரம் அதன் வழியே வருகிறது. ஈரக்கையால் தொடலாகாது என்பதைக் குழந்தையும் அறியும். புதிய வகையில் அந்த வால் இல்லை. வால் போனதோடு அச்சமும் போய்விட்டது. 'இதில் இருப்பது பேட்டரிதானே, பதினெட்டு வோல்ட்டுதானே, என்ன செய்துவிடும்?' என்று கேட்கிறோம். பேட்டரி தன்னளவில் நம்மைத் தாக்காது என்பது மெய்தான். ஆனால் நாம் துளைக்கப் போகும் சுவருக்குள் 230 வோல்ட் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. துளைக்கும் அலகு இரும்பு; அதனைக் கவ்வியிருக்கும், 'சக்' எனப்படும் வாய்ப்பகுதியும் பல கருவிகளில் இரும்பே. அலகு சுவருக்குள் மின்கம்பியைத் தீண்டினால், கருவியின் முன்பகுதி முழுவதும் அந்தக் கணமே மின்கம்பியாகிவிடும்.

இதை நான் ஏட்டிலிருந்து எடுத்துச் சொல்லவில்லை. ஒரு மார்கழி மாதத்துக் காலை, மணி பத்து இருக்கும். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்கள் அணியினர் எடுத்துக்கொண்ட குழுப்படம் ஒன்று நெடுங்காலம் பெட்டியில் கிடந்தது. அதனைச் சட்டமிட்டு வாங்கி வந்திருந்தேன். கூடத்தில் சுவிட்சுப் பலகைக்கு நேர் மேலே ஓர் இடம் வெறுமையாக இருந்தது. படத்திற்கு அதுவே தகுந்த இடம் என்று எனக்குப் பட்டது. சுவருக்குள் மின்கம்பி இருக்கக்கூடும் என்பதை நான் அறியாதவன் அல்லேன். ஆகவே வாசலுக்குச் சென்று மெயின் சுவிட்சை நிறுத்தினேன். இக்கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டாம் அல்லவா? வீட்டையே இருட்டாக்கிவிட்டு வேலை செய்யலாம் என்ற எண்ணத்தில் எனக்குச் சிறிது பெருமையும் இருந்தது. மர முக்காலியின் மீது ஏறி நின்று துளைக்கத் தொடங்கினேன்.

பூச்சு உதிர்ந்தது; செங்கற்பொடி சிவப்பாகக் கொட்டியது. ஓரங்குலம் இறங்கியிருக்கும். பட்டென்று ஓர் ஓசை; துளையின் வாயில் நீல நிறத்தில் ஒரு வெளிச்சம்; தீய்ந்த நாற்றம். கூடத்தின் மூலையில் ஏதோ ஒன்று விடாமல் கீச்சிட்டது. படத்தைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற என் மனைவி, "என்னங்க, மெயினை நிறுத்திவிட்டதாகச் சொன்னீர்களே?" என்றாள். என்னால் உடனே விடை சொல்ல முடியவில்லை. முக்காலியிலிருந்து இறங்கி அதன் மீதே உட்கார்ந்துகொண்டேன். அலகின் நுனியைப் பார்த்தேன். எலி கடித்தது போல ஒரு பக்கம் உருகிப் போயிருந்தது.

மூலையில் கீச்சிட்டது இன்வெர்ட்டர். மின்வெட்டு மிகுந்திருந்த 2012ஆம் ஆண்டில் நம் மாநிலத்தில் எத்தனையோ வீடுகளில் அதனை வாங்கி வைத்தோம். மின்வெட்டு குறைந்த பிறகும் அது தன் மூலையிலேயே இருக்கிறது; நாம்தான் அதனை மறந்துவிட்டோம். மெயினை நான் நிறுத்தியவுடன், மின்சாரம் போய்விட்டது என்று கருதி, கண்ணிமைக்கும் நேரத்தில் அது தன் கடமையைச் செய்யத் தொடங்கிவிட்டது. விளக்கு, மின்விசிறிக் கம்பிகளில் எல்லாம் 230 வோல்ட் மீண்டும் ஓடியது. மார்கழிக் குளிரில் விசிறி சுற்றவில்லை. பகல் வெளிச்சத்தில் விளக்கு எரியவில்லை. ஆகவே எனக்கு அது தெரியவில்லை.

மாலையில் வந்த எலெக்ட்ரீசியன் இளைஞர் இன்னொன்றையும் சொன்னார். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புக்கருவி எங்கள் வீட்டில் உண்டு. 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே அது விழுந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டில் அது மெயினை ஒட்டி இருந்தது. இன்வெர்ட்டரிலிருந்து புறப்படும் கம்பிகளை அது கண்காணிக்கவில்லை. "ஐயா, அந்த நேரத்தில் உங்களுக்குக் காவல் யாருமே இல்லை" என்றார். நான் கருவியின் பிளாஸ்டிக் பிடியை மட்டும் பற்றியிருந்தேன், அதனால் பிழைத்தேன். ஒரு நிமிடத்திற்கு முன்னால், அலகு வழுக்காமல் இருக்கவேண்டும் என்று இடக்கை விரல்களைச் சக்கின் மேல் வைத்திருந்தேன். அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

ஆகவே, துளைக்குமுன் வீட்டு மின்சாரத்தை நிறுத்துங்கள். கம்பியில்லாத் துறப்பணம் நமக்குத் தரும் மிகப் பெரிய நன்மை அதுதான். கம்பியுள்ள கருவிக்கு மின்சாரம் வேண்டும். ஆதலால் அதைக் கொண்டு துளைப்போர் பெரும்பாலும் மின்சாரம் ஓடும் வீட்டில்தான் துளைக்கிறார்கள். நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் நிறுத்துவதை முழுமையாக நிறுத்த வேண்டும். மெயினை நிறுத்தியபின் இன்வெர்ட்டரையும் நிறுத்துங்கள். எப்படி நிறுத்துவது என்பது கருவிக்குக் கருவி மாறும். தெரியாவிட்டால் அதைப் பொருத்தியவரை ஒருமுறை வரவழைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள். அதன்பின் துளைக்கப் போகும் அறையிலும் அடுத்த அறையிலும் உள்ள விளக்கு, விசிறிச் சுவிட்சுகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றேனும் எரிந்தால் வேலையைத் தொடங்காதீர்கள். மாடியில் சூரிய ஒளித் தகடும் அதற்குரிய பேட்டரியும் வைத்திருப்போர்க்கும் இது பொருந்தும்.

மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்பதற்காக எந்த இடத்திலும் துளைக்கலாம் என்பதில்லை. உள்ளே இருக்கும் கம்பி அறுந்தால், பிறகு சுவரை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். நம் வீடுகளில் கம்பிகளைப் பிளாஸ்டிக் குழாயில் இட்டுச் சுவரைக் கொத்திப் பதித்து மேலே பூசிவிடுகிறார்கள். சுவிட்சுப் பலகையிலிருந்து கூரை நோக்கி நேர் மேலேயும், கீழேயுள்ள பிளக்குகளை நோக்கி நேர் கீழேயும் அக்குழாய் செல்வது பெருவழக்கு. ஒரு பலகையிலிருந்து மற்றொரு பலகைக்குக் கிடையாகவும் செல்லும். அவை ஓரங்குலம், ஒன்றரை அங்குல ஆழத்திலேயே இருக்கும். நாம் போடும் துளையின் ஆழமும் அவ்வளவே. எனவே, பலகைக்கும் பிளக்குக்கும் நேர் மேலும் நேர் கீழும் நேர் பக்கவாட்டிலும் துளைப்பதை விட்டுவிடுங்கள். இருபுறமும் ஒரு சாண் ஒதுங்கி இடம் தேடுங்கள். நான் தேர்ந்தெடுத்த வெறுமையான இடம் ஏன் வெறுமையாக இருந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இந்த வழக்கையும் முழுதும் நம்பிவிடக்கூடாது. குழாய் மிச்சம் பிடிப்பதற்காகக் குறுக்கே சாய்த்துக் கொத்திவிட்டுப் போன வேலையாட்களும் உண்டு. புதிதாக வீடு கட்டுவோர், சுவர் பூசுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அது பிற்காலத்தில் பத்திரத்துக்குச் சமம். சுவரினுள் கம்பி இருப்பதைக் காட்டும் சிறு கருவிகளும் கடையில் கிடைக்கின்றன. அவை துணை செய்யும். ஆனால் மின்சாரம் ஓடாத கம்பியை அவற்றுட் சில காட்டிக்கொடுப்பதில்லை. ஆகவே மின்சாரத்தை நிறுத்துமுன் அவற்றால் சுவரைத் தடவிப் பார்த்துப் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் நிறுத்த வேண்டும். இந்த வரிசை மாறினால் பயனில்லை.

குளியலறையிலும் சமையலறையிலும் சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. எங்கள் தெருவில் ஒரு நண்பர் குளியலறையில் கண்ணாடி மாட்டப் போய்க் குழாயைத் துளைத்துவிட்டார். மாடித் தொட்டியில் இருந்த நீர் அவ்வளவும் அவர் முகத்தில் பீறிட்டது. வால்வை மூட ஓடினார். பல ஆண்டுகளாகத் திருகாத வால்வு அசையவில்லை. தொட்டி காலியாகும் வரையில் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு நின்றாராம். சிரிப்பதற்குரிய கதைதான், எனினும், துளைக்குமுன் மாடி வால்வைத் திருகிப் பார்த்துவிடுவது நல்லது.

சுவரின் கதை இவ்வளவு. அடுத்தது நம் கையின் கதை.

ஆசாரியாரின் துறப்பணத்தில் சுழற்றும் வலிமை நம் தோளிலிருந்து வந்தது. கூர் சிக்கினால் கை அறிந்தது. அறிந்த கணமே வலிமையும் நின்றது. இப்போதைய கருவியில் சுழற்றுவது மோட்டார். அலகு சிக்கிக்கொண்டாலும் மோட்டார் தன் வேலையை விடாது. அலகைச் சுழற்ற முடியாதபோது கருவியின் உடலைச் சுழற்றிவிடும். ஈர வேட்டியை இருவர் இரு முனையிலும் பிடித்துப் பிழிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் அசையாமல் இறுகப் பிடித்துக்கொண்டால், முறுக்கு அவ்வளவும் மற்றவர் மணிக்கட்டுக்கு வந்து சேர்கிறது. அதுவே இது. சுவர் இறுகப் பிடித்துக்கொள்கிறது. நம் மணிக்கட்டு திருகுகிறது. கான்கிரீட்டில் உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை அலகு தொடும்போதும், தகரத்தைத் துளைத்து மறுபக்கம் வெளிப்படும் அந்தக் கடைசி நொடியிலும் இவ்வாறு நிகழும். முக்காலியின் மேலோ ஏணியின் உச்சிப் படியிலோ நிற்கும்போது இது நேர்ந்தால், மணிக்கட்டோடு போகாது. ஆளே கீழே வருவார்.

கருவியின் கழுத்தில் எண்கள் பொறித்த ஒரு வளையம் இருப்பதைப் பலர் அழகுக்கு என்று எண்ணியிருக்கிறார்கள். அது காவல் வளையம். சிறிய எண்ணில் வைத்தால், சிறிது எதிர்ப்பு வந்தவுடனே உள்ளேயுள்ள பற்கள் கடகடவென்று ஒலித்து நழுவிவிடும்; அலகு நின்றுவிடும்; கை தப்பும். திருகாணி முடுக்கும்போது சிறிய எண்ணில் தொடங்கி, போதாவிட்டால் ஒவ்வொன்றாக உயர்த்த வேண்டும். அவ்வளையத்தின் முடிவில் அலகின் படம் ஒன்று இருக்கும். அங்கே வைத்தால் காவல் நீங்கிவிடும். மோட்டாரின் முழு வலிமையும் வெளிப்படும். துளையிடுவதற்கு அந்த நிலைதான் வேண்டும். ஆனால் அந்த நிலையில் இருக்கும்போது, ஒரு கை பிடியையும் மற்றொரு கை கருவியின் உடலையோ பக்கப் பிடியையோ பற்றியிருக்க வேண்டும். கால்கள் சற்று அகன்று தரையில் ஊன்றியிருக்க வேண்டும்.

மேற்பக்கத்தில் 1, 2 என்று ஒரு தள்ளுப்பொத்தானும் உண்டு. வீட்டுக்குரிய நடுத்தரக் கருவிகளில் 1 என்பது நிமிடத்திற்கு ஏறத்தாழ 400 சுற்று. 2 என்பது ஏறத்தாழ 1,500 சுற்று. '1 மெதுவாகச் சுற்றும்; ஆகவே அபாயம் குறைவு' என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். மாட்டுவண்டி மெதுவாகத்தான் செல்கிறது. ஆனால் அது ஏற்றும் பாரத்தை மிதிவண்டி ஏற்றுமா? மெதுவாகச் சுற்றும் நிலையில்தான் முறுக்கு வலிமை மிகுதி. மணிக்கட்டைத் திருகுவதும் பெரும்பாலும் அந்த நிலையே.

சிறு மரத்துண்டை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் துளைப்பது கைப்பிழைகளில் எல்லாம் கொடியது. அலகு மரத்தைக் கவ்விக்கொண்டால் மரத்துண்டு அலகோடு சேர்ந்து காற்றாடியாகச் சுழலும். அல்லது அலகு மரத்தைக் கடந்து உள்ளங்கையில் இறங்கும். மேசையோடு மரத்தைச் சேர்த்துக் கவ்வும் இரும்புப் பிடி ஒன்று இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கருவியை வாங்கும் அன்றே அதையும் சேர்த்து வாங்குங்கள்.

உடை பற்றியும் ஒரு சொல். நான் வேட்டி கட்டுபவன். தோளில் துண்டும் உண்டு. துறப்பணத்தை எடுக்குமுன் துண்டைக் கழற்றி வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்கிறேன். பெண்கள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவை எடுத்துவிட வேண்டும். பின்னலைத் தூக்கி முடிந்துகொள்ள வேண்டும். கழுத்துச் சங்கிலி தொங்கலாகாது. பாதுகாப்பு என்று எண்ணித் துணிக் கையுறை அணிவோர் உண்டு. சுழலும் அலகுக்கு அருகில் அதுவே பகை, ஒரு நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். கண்ணுக்கு மட்டும் காப்பு வேண்டும். மூக்குக்கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருக்கும். தலைக்கு மேலே துளைக்கும்போது பொடி நேரே கண்ணில் விழும். பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியே தக்கது. செங்கல், கான்கிரீட் பொடியில் நுண்ணிய மணற்சத்து கலந்திருக்கிறது. அது நுரையீரலுக்கு ஆகாது. நல்ல முகக்கவசம் அணிந்து, சன்னலைத் திறந்துவைத்துத் துளையுங்கள். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகட்டை மட்டும் துளைக்கவே வேண்டாம். அதன் இழைப்பொடி புற்றுநோய்க்குக் காரணமாவது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட்டது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டால் அது தடைப்படாது.

அலகுகள் மூவகை. மரத்துக்கு உரியதன் நடுவில் முள் போன்ற கூர் இருக்கும். இரும்புக்கு உரியது எளிய முனை உடையது. சுவருக்கு உரியதன் தலையில் கெட்டியான உலோகத் துண்டு ஒன்று பதித்திருக்கும். இவற்றை மாற்றிப் போட்டால் துளை விழாது. துளை விழாதபோது நாம் அழுத்துகிறோம். அழுத்தும்போது அலகு முறிந்து தெறிக்கிறது. சுத்தியல் படமிட்ட நிலை செங்கலுக்கும் கான்கிரீட்டுக்கும் மட்டுமே உரியது. ஓடு பதித்த சுவரில் அதனை நிறுத்திவிட்டு, ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி அதன் மேல் மெதுவாகத் தொடங்கினால் அலகு வழுக்காது, ஓடும் விரியாது. துளைத்து முடித்த அலகு அடுப்பிலிருந்து எடுத்த கரண்டிக்குச் சமம், உடனே தொடவேண்டாம்.

அலகை மாற்றும் நேரத்தில்தான் கம்பியில்லாக் கருவி நம்மை மிக எளிதில் ஏமாற்றுகிறது. கம்பியுள்ள கருவியைப் பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டால் அது செத்த பாம்பு. பிடுங்கியதும் கண்ணுக்குத் தெரிகிறது. பேட்டரிக் கருவி மேசைமேல் சும்மா கிடப்பது போலத் தோன்றும். ஆனால் விசையில் விரல் பட்டால் எந்த நொடியும் எழும். ஒரு கை சக்கைத் திருகிக்கொண்டிருக்க, மற்றொரு கை அறியாமல் விசையைத் தொட்டுவிடுவது எளிது. ஆகையால் அலகை மாற்றுமுன் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். முன்னும் பின்னும் சுழலச் செய்யும் பொத்தானை நடுவில் நிறுத்தினால் பெரும்பாலான கருவிகளில் விசை பூட்டிக்கொள்ளும். வேலைக்கு நடுவே கீழே வைக்கும்போதெல்லாம் அதனைச் செய்யலாம். எனினும், பேட்டரியைக் கழற்றுவதற்கு ஈடாகாது. எங்கள் வீட்டில் கருவி பரண்மேல் இருக்கிறது. பேட்டரி என் அலமாரியில், பூட்டினுள் இருக்கிறது. ஆறு வயதுப் பேத்தி உள்ள வீடு.

பேட்டரியைப் பற்றிக் கடையில் ஒரு குழப்பம் உண்டு. ஒன்றில் 18 வோல்ட் என்றும், மற்றொன்றில் 20 என்றும், இன்னொன்றில் 21 என்றும் எழுதியிருக்கும். பல கருவிகளில் மூன்றும் ஒன்றே. உள்ளே ஐந்து லித்தியம் மின்கலங்கள் உள்ளன. ஒவ்வொன்றின் சராசரி அளவு 3.6 வோல்ட்; ஐந்துக்குப் பதினெட்டு. முழுதும் ஏற்றிய நிலையில் ஒவ்வொன்றும் 4.2 வரை செல்லும், ஐந்துக்கு இருபத்தொன்று. இடையில் உள்ளதைச் சொன்னால் இருபது. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். இதற்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இந்த லித்தியம் மின்கலம் சிறிய உடலில் மிகுந்த ஆற்றலை அடக்கியது. அதைக் கண்டு வளர்த்த மூவருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அடங்கியிருக்கும் வரையில் அது நல்லது. கழற்றிய பேட்டரியை ஆணியும் திருகும் கிடக்கும் பெட்டியில் போட்டு வைப்பது பெரும்பிழை. அதன் இரு முனைகளையும் ஓர் ஆணி இணைத்துவிட்டால் ஆணி பழுக்கக் காயும், பெட்டியே தீப்பற்றலாம். அதனோடு வந்த சார்ஜரில் மட்டுமே ஏற்றுங்கள். கத்திரி வெயிலில் மாடியில் வேலை செய்து கொதிக்கும் பேட்டரியை அப்படியே சார்ஜரில் செருகாமல், நிழலில் ஆறவைத்து ஏற்றுங்கள். மெத்தைமேலும் திரைச்சீலைக்கு அருகிலும் வேண்டாம். தரையில், கண்பார்வையில் ஏற்றுங்கள். படுக்கப் போகுமுன் எடுத்துவிடுங்கள். வெயிலில் நிறுத்திய காரில் விட்டுச் செல்லாதீர்கள். வயிறு ஊதிய பேட்டரியையும், விழுந்து விரிசல் கண்ட பேட்டரியையும் திரும்பவும் பயன்படுத்த வேண்டாம். அதனைக் குப்பையில் போடவும் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். பழைய பேட்டரிகளை உற்பத்தியாளர்களே திரும்பப் பெற ஏற்பாடு செய்யவேண்டும் என்று நம் நாட்டில் 2022இல் விதிகள் வந்துள்ளன. வாங்கிய கடையில் கேளுங்கள். கொடுக்கும் இடம் சொல்வார்கள்.

அந்தக் குழுப்படம் என்னவாயிற்று என்று சிலர் எண்ணலாம். எலெக்ட்ரீசியன் இளைஞர் சுவரைக் கொத்தி, தீய்ந்த கம்பியை மாற்றி, இன்வெர்ட்டர்க் கம்பிகளுக்கும் தனியே ஓர் ஆர்.சி.சி.பி. வைத்துக் கொடுத்தார். மறுவாரம், எல்லாவற்றையும் நிறுத்தி, சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, எதிர்ச்சுவரில் இரண்டு துளைகள் போட்டேன். நான் துளைத்து முடிக்கும் வரையில் என் மனைவி இன்வெர்ட்டருக்கு அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். படம் இப்போது அங்கே இருக்கிறது. பழைய துளையின் மேல் பூசிய இடத்தில் வண்ணம் மட்டும் ஒட்டவில்லை; வெளுத்துத் தெரிகிறது.